மூச்சுக்கு வழிகாட்டிய ஆட்டுக்குட்டி

ஏழு மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாதத்துப் பிள்ளை தங்காது என்று நம் தோட்டங்களில் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். அது சரியன்று. வயிற்றில் வளரும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலமே. ஆனால், குறைமாதப் பிள்ளைகள் பல மூச்சுத் திணறி இறந்தது உண்மை. அதன் காரணத்தை மனிதர் கண்டறிந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஓர் ஆண்குழந்தை ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தது. பணமும் பதவியும் இருந்தும், சிறந்த மருத்துவர்கள் சூழ்ந்திருந்தும், இரண்டே நாளில் அக்குழந்தை மூச்சுத் திணறி இறந்தது.

காரணம் 1959லேயே தெரிந்திருந்தது. மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் என்னும் இரு ஆய்வாளர்கள் அதனைக் கண்டுபிடித்தனர். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான சிறிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் உட்புறம் ஈரமானது. சவர்க்காரம் போன்ற ஒரு பொருள் அந்த ஈரத்தில் கலந்திருந்தால்தான் அறைகள் சுருங்கிவிடாமல் விரிந்து நிற்கும். அப்பொருள் கடைசி மாதங்களில்தான் போதிய அளவு சுரக்கிறது. அது இல்லாத பிள்ளை ஒவ்வொரு மூச்சுக்கும் போராடிக் களைத்துவிடுகிறது.

சரி, அதைச் சுரக்கச் செய்வது எது? இதற்கு விடை நியூசிலாந்தில் ஓர் ஆட்டுக்குட்டியிடம் கிடைத்தது. ஆக்லாந்து நகர மருத்துவர் கிரஹாம் லிகின்ஸ், பேறுகால வலி எவ்வாறு தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்தார். வயிற்றிலிருந்த குட்டிகளுக்குக் கார்ட்டிசால் வகை மருந்து செலுத்தினார். ஹார்மோன் என்பது ஒரு சுரப்பி இரத்தத்தின் வழியே மற்ற உறுப்புகளுக்கு அனுப்பும் கட்டளை. கார்ட்டிசால், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பி அனுப்பும் கட்டளை. பிழைக்கவே முடியாத காலத்தில் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டது! அதன் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. நுரையீரலை முதிரச் செய்வது இந்தக் கட்டளையே என்று 1969இல் அவர் எழுதினார்.

பின்னர் அவரும் ராஸ் ஹவீயும் 282 தாய்மாரிடம் இதனை ஆராய்ந்து, 1972இல் முடிவை வெளியிட்டனர். காலத்துக்கு முன்பே வலி கண்ட தாய்மாரில், மருந்து பெறாதவர்களின் பிள்ளைகள் 100க்கு 15 முதல் வாரத்திலேயே இறந்தன. மருந்து பெற்றவர்களின் பிள்ளைகளில் 100க்கு 3 மட்டுமே இறந்தன.

இவ்வளவு தெளிவான முடிவு வந்தும் உலகம் உடனே ஏற்கவில்லை. 1990இல் 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பிறகும், 1994இல் அமெரிக்கச் சுகாதார நிபுணர்கள் பரிந்துரைத்த பிறகுமே அது பரவலாயிற்று. இடையில் கழிந்தவை இருபது ஆண்டுகள். அந்தத் தாமதத்தில் பிழைத்திருக்க வேண்டிய பிள்ளைகள் எத்தனையோ!

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. தாய்க்குப் போடும் அந்த ஊசி முழுப் பலன் தர ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். ஆகவே நாள் வருமுன் வலி கண்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, விடியட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போவோம். நாம் வீணாக்காத ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளையின் மூச்சுக்கு நாம் தரும் துணையாகும்.