6746328388800: இராமானுசன் அட்டவணையின் கடைசி எண்

6746328388800 என்பது சீனிவாச இராமானுசன் 1915-ஆம் ஆண்டு வெளியிட்ட உயர் பகு எண்களின் அட்டவணையில் கடைசியாக இடம்பெற்ற எண் ஆகும். நம் வழக்கில் இது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு அதிக வகுத்திகளைக் கொண்டதே உயர் பகு எண். எடுத்துக்காட்டாக, 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உள்ளன. அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. அட்டவணையின் கடைசி எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால்,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

எனக் கிடைக்கும். ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை 10,080. அடுக்குகள் எங்கும் ஏறாமல் இறங்கி வருவதைக் கவனிக்கலாம். பெரிய பகா எண்ணுக்குக் கூடுதல் அடுக்கு இருந்தால், அடுக்குகளை இடம் மாற்றிய உடனே அதே அளவு வகுத்திகள் கொண்ட சிறிய எண் கிடைத்துவிடும். எனவே முதல் எண் உயர் பகு எண்ணாக இருக்க முடியாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 ஆகிய இரண்டைத் தவிர, எப்போதும் 1 தான் என்றும் இராமானுசன் நிறுவினார்.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912 முதல் எழுத்தராகப் பணியாற்றிய இராமானுசன், 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அறுபது பக்கங்களுக்கு மேல் நீளும் இக்கட்டுரை வெளிவந்தது. கல்லூரித் தேர்வில் தேறாதவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிச்சு பல்கலைக்கழகம் இளங்கலைப் பட்டம் வழங்கியது இந்த ஆய்வுக்காகத்தான். கழகத்தின் பண நெருக்கடியால் அன்று அச்சேறாத எஞ்சிய பகுதி 1997-இல் தான் வெளியானது.

கணினி இல்லாத காலத்தில் தொகுக்கப்பட்ட அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. பட்டியலில் உள்ள எண்ணில் பிழையிருந்தால் பெருக்கிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்; விடுபட்டதை அப்படிப் பிடிக்க முடியாது, மற்றவை எல்லாம் சரியாகவே இருக்கும். தேற்றங்களுக்கு இதனால் பாதிப்பில்லை. விடுபட்ட எண் 293318625600, வகுத்திகள் 5,040. வேடிக்கை என்னவென்றால், அட்டவணையின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது இதே எண்தான்.