கொல்லிமலையிலிருந்து பார்த்த 1969 ஜனாதிபதித் தேர்தல்

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் வருகிறது என்றால், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒரே கட்சிக்காரர்கள் நாலைந்து பேர் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்வதை இப்போது டிவியில் பார்க்கிறோம். யார் கட்சியின் வேட்பாளர் என்பதை அங்கே பொதுமக்களே மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். நம் நாட்டில் அந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் ஒரே ஒரு தடவை, ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று ஒரு கட்சிக்குள் வந்த சண்டை நாடு முழுக்கப் பரவி, ஓட்டே இல்லாத ஜனங்கள் கூட உட்கார்ந்து நியாயம் பேசினார்கள். அது 1969-ம் வருஷம். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

அப்போது நான் கொல்லிமலையில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். சொந்த ஊர் கீழே சேந்தமங்கலம் பக்கம். மலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நாமக்கல் மாவட்டம் என்பதெல்லாம் 1997-ல் வந்தது. அன்றைக்கு நாங்கள் சேலம் மாவட்டம். அடிவாரத்திலிருந்து யாராவது கொண்டு வந்தால்தான் பேப்பர். மற்றபடி பஞ்சாயத்து ரேடியோதான். சாயங்காலம் செய்தி முடிந்ததும் பத்துப் பேராவது கூடி, கேட்டதை அலசுவார்கள்.

நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1969 மே 3-ந் தேதி ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். உதவி ஜனாதிபதி வி.வி.கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அடுத்த ஜனாதிபதிக்குக் காங்கிரஸ் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய ஜூலையில் பெங்களூரில் கூடினார்கள். கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா. காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ்.கே.பாட்டீல் போன்ற மூத்தவர்களைப் பத்திரிகைகள் 'சிண்டிகேட்' என்று எழுதின. அவர்கள் சொன்ன பெயர் சஞ்சீவ ரெட்டி. ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர். அப்போது மக்களவை சபாநாயகர். பிரதமர் இந்திரா காந்தி சொன்ன பெயர் ஜகஜீவன் ராம். அது காந்தி நூற்றாண்டு வருஷம். ஒரு அரிஜனத் தலைவரை ஜனாதிபதி ஆக்கினால் பொருத்தமாக இருக்கும் என்பது அவர் வாதம். கட்சியின் பார்லிமெண்டரி போர்டில் ஓட்டெடுத்தபோது காமராஜர், மொரார்ஜி, பாட்டீலோடு சவாணும் சேர்ந்து ரெட்டிக்குக் கை தூக்கினார்கள். பிரதமர் தோற்றுப்போனார்.

ஒரு அறைக்குள் உட்கார்ந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் எடுத்த முடிவு அது. அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. கிரி சுயேச்சையாக நிற்கப்போவதாக அறிவித்தார். இந்திரா காந்தி மொரார்ஜியிடமிருந்து நிதி இலாகாவை எடுத்தார். ஜூலை 19-ந் தேதி 14 பெரிய பாங்குகளை அரசுடைமை ஆக்கினார். ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். பிறகு, 'மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்' என்று சொன்னவரும் அவர்தான். ரெட்டிக்கு ஓட்டுப் போடும்படி கொறடா உத்தரவு போடச் சொன்னார் நிஜலிங்கப்பா. பிரதமர் மறுத்துவிட்டார்.

இதெல்லாம் டெல்லி சமாச்சாரம். எங்கள் மலையில் இது எப்படி எடைபோடப்பட்டது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அங்கே ஊர்க்கவுண்டர் ஒருவர் இருந்தார். அறுபது வயதிருக்கும். கதர்ச் சட்டை. 1952-லிருந்து இரட்டைக் காளைக்குத் தவிர வேறெதற்கும் முத்திரை குத்தியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். அவருக்குக் காமராஜர் என்றால் சாமி மாதிரி. "நம்ம புள்ளைங்க மத்தியானம் சோறு தின்னுட்டுப் படிக்குதுன்னா அது யாரால வாத்தியாரே?" என்பார். நான் பள்ளிக்கூடத்தில் தினமும் கண்ணால் பார்த்த உண்மை அது. அவருடைய கணக்கு எளிமையானது. சாஸ்திரி இறந்த பிறகு, 1966 ஜனவரியில், மொரார்ஜியை எதிர்த்து இந்திரா 355-க்கு 169 என்று ஜெயித்ததற்குக் காமராஜர்தான் காரணம். உட்காரவைத்தவர் பேச்சைத் தட்டலாமா? கட்சி ஒரு ஆளை நிறுத்திவிட்டால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவருக்குத்தானே போட வேண்டும்? அதுதானே கட்டுப்பாடு?

அவருடைய தங்கை மகனுக்கு அப்போது முப்பது வயதுக்குள். கொஞ்சம் மிளகும் காப்பியும் வைத்திருந்தான். அவன் வேறு மாதிரி யோசித்தான். மிளகு கொடியில் காய்க்கும் முன்பே கீழ்நாட்டு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியாக வேண்டிய நிலைமை. அறுவடை வந்தால் வியாபாரி சொன்னதுதான் விலை. பலா மரத்தையே பிஞ்சில் குத்தகைக்கு எழுதிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. "பாங்கியெல்லாம் சர்க்காராயிடுச்சின்னா நமக்கும் ஒரு நாளைக்குக் கடன் குடுப்பாங்கல்ல மாமா?" என்று கேட்பான். அவனுக்குக் கிரியும் தெரியாது, ரெட்டியும் தெரியாது. பாங்குகளை எடுத்த அம்மா யார் பக்கமோ அவன் அந்தப் பக்கம்.

தி.மு.க. அனுதாபிகள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அண்ணா மறைந்து ஆறு மாதம் கூட ஆகவில்லை. கலைஞர் முதலமைச்சராகிச் சில மாதங்கள். கழகம் கிரியை ஆதரித்தது. கிரி ரயில்வேத் தொழிலாளர் சங்கம் நடத்தியவர், தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் என்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. காமராஜரைத் தோற்கடிக்க இன்னொரு சந்தர்ப்பம் என்பது அதைவிடப் பிடித்திருந்தது. மிளகு வாங்க வரும் வியாபாரி ஒருவர் ராஜாஜி பக்தர். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி.டி.தேஷ்முக்கை நிறுத்தியிருந்தன. ரிசர்வ் பாங்கின் முதல் இந்திய கவர்னர், பிறகு நேருவிடம் நிதி மந்திரி. "மூணு பேருல படிச்ச ஆளு இவருதான்" என்பார் வியாபாரி. நிஜலிங்கப்பா அந்தக் கட்சிகளிடம் போய், உங்கள் இரண்டாவது விருப்ப ஓட்டையாவது எங்கள் ரெட்டிக்குக் கொடுங்கள் என்று கேட்டாரே, அது ஊர்க்கவுண்டரைச் சங்கடப்படுத்தியது. அந்த விஷயம் வந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

இவர்களில் ஒருவருக்கும் அந்தத் தேர்தலில் ஓட்டில்லை. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான். நான் வாத்தியார் என்பதால் கணக்கை என்னிடம் கேட்டார்கள். சிலேட்டில் போட்டுக் காட்டினேன். மாநிலத்தின் ஜனத்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 1961 கணக்கெடுப்பில் நம் மாநில ஜனத்தொகை சுமார் 3 கோடியே 37 லட்சம். எம்.எல்.ஏ.க்கள் 234. ஆக எங்கள் எம்.எல்.ஏ. போடும் ஒரு சீட்டுக்கு 144 ஓட்டு மதிப்பு. ஒரு எம்.பி.யின் சீட்டுக்கு 576. ஊர்க்கவுண்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்போ இது சாமை மாதிரி வள்ளத்துல அளக்குறதில்ல. மிளகு மாதிரி தராசுல நிறுக்குறது." எனக்கு அதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

ஆகஸ்டு 16-ந் தேதி ஓட்டுப்பதிவு. 20-ந் தேதி எண்ணிக்கை. முதல் விருப்ப ஓட்டில் கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. தேஷ்முக்குக்கு 1,12,769. ஜெயிக்க வேண்டியது 4,18,169. யாருக்கும் வரவில்லை. ஆகவே கடைசியில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அந்தச் சீட்டுகளில் எழுதியிருந்த அடுத்த விருப்பங்களை எண்ணினார்கள். தேஷ்முக்கின் சீட்டுகள் பிரிந்ததும் ரெட்டி வேகமாக மேலே வந்தார். 88,000 வரை இருந்த வித்தியாசம் 14,650-ஆகச் சுருங்கியது. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கட்சி நிறுத்திய வேட்பாளர் தோற்றார்.

இந்த 14,650-ஐ ஒரு நிமிஷம் நிறுத்துப் பாருங்கள். 1967-ல் தி.மு.க.வுக்கு மக்களவையில் 25 இடங்கள் கிடைத்திருந்தன. ஆளுக்கு 576 என்றால் 14,400. சட்டசபையில் அவர்களுக்குத் தனிப் பெரும்பான்மை; குறைந்தபட்சம் 118 என்று வைத்துக்கொண்டாலும், ஆளுக்கு 144 வீதம் 16,992. இரண்டும் சேர்ந்து 31,000-க்கு மேல். இதில் கால்வாசி ரெட்டி பக்கம் போயிருந்தாலே முடிவு மாறியிருக்கும். காங்கிரசின் வேட்பாளர் யார் என்ற சண்டையைத் தீர்த்து வைத்ததில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே காங்கிரசைத் தமிழ்நாட்டில் தோற்கடித்த கட்சிக்கு இவ்வளவு பங்கு.

அதற்கு ஒரு வருஷம் முன்பு அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1968-ல் சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சி ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளர் ஆக்கியது. மாநிலத் தேர்தல் ஒன்றில் கூடப் போட்டியிடாமல், கட்சிப் பெரியவர்களின் தயவில் வந்தவர் அவர். வெளியே தெருவில் அடிதடி. நவம்பரில் நிக்சனிடம் தோற்றார். அந்த அடிக்குப் பிறகுதான் அவர்கள் விதிகளைத் திருத்தி, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் சாதாரண ஓட்டர்களிடம் கொடுத்தார்கள். இன்று டிவியில் நாம் பார்ப்பது அதன் விளைவு. இங்கேயும் 1969-க்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அது, நினைத்தவரெல்லாம் நிற்க முடியாதபடி வேட்புமனுவுக்குப் பத்துப் பேர் முன்மொழிந்து பத்துப் பேர் வழிமொழிய வேண்டும் என்ற 1974 திருத்தம். கட்சிக்குள் யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வியை யாரும் தொடவில்லை.

மலையில் இந்தத் தேர்தல் ஆகஸ்டோடு முடியவில்லை. நவம்பரில் இந்திரா காந்தியைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்களில் பெரும்பாலோர் காமராஜர் பின்னால் நின்றார்கள். ஊர்க்கவுண்டரும் அப்படித்தான். அவருக்கும் தங்கை மகனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அந்தத் தை மாதம் ஒரே பந்தலில் உட்கார வேண்டிய குடும்ப விசேஷம் ஒன்றில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கிரியையோ ரெட்டியையோ இருவருமே பார்த்தது கிடையாது.

1971 மார்ச் தேர்தல் வந்தபோது இரட்டைக் காளைச் சின்னம் இரு தரப்புக்கும் கிடைக்காமல் முடக்கப்பட்டிருந்தது. காமராஜர் கட்சிக்கு ராட்டை சுற்றும் பெண். இந்திரா கட்சிக்குப் பசுவும் கன்றும். எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் சின்னம்தான் கட்சி. "காளையை எங்க வாத்தியாரே கொண்டு போயிட்டாங்க?" என்று ஒரு கிழவி என்னிடம் கேட்டாள். தங்கை மகனுக்கு வேறொரு சங்கடம். இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு உடன்பாடு செய்துகொண்டு, தமிழ்நாட்டில் ஒரு சட்டசபைத் தொகுதியில் கூட நிற்கவில்லை. எம்.எல்.ஏ. ஓட்டை அவன் உதயசூரியனுக்குத்தான் போட வேண்டியிருந்தது. ஊர்க்கவுண்டர் ராட்டைக்குப் போட்டார். தமிழ்நாடு முழுவதிலும் அவர் கட்சிக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம் நாகர்கோவில். அதில் ஜெயித்தவர் காமராஜர்.

சஞ்சீவ ரெட்டி 1977-ல் போட்டியே இல்லாமல் ஜனாதிபதி ஆனார். காமராஜர் அதைப் பார்க்க இல்லை. 1975 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜெயந்தியன்று காலமாகியிருந்தார். அந்தச் செய்தி வந்த ராத்திரி, தங்கை மகன் தானாகவே மாமன் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தான். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான். பாங்குக் கடனும் பின்னால் மலைக்கு வந்தது. எல்லோருக்கும் வரவில்லை; ஆனால் வந்தது. ஆக இரண்டு பேர் கணக்கிலும் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்று நம் எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு 176. 1971 ஜனத்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. எந்தக் கட்சியானாலும் ஜனாதிபதி வேட்பாளரை இன்னமும் ஒரு அறைக்குள் சிலர்தான் முடிவு செய்கிறார்கள். நமக்கு மறுநாள் பேப்பரில் தெரியும். அதைப் பற்றி யாரும் வீட்டில் சண்டை போட்டுக்கொள்வதில்லை. நல்லதுதான். ஆனால் ஓட்டே இல்லாத ஒரு தேர்தலுக்காக, யார் நமக்குச் சோறு போட்டார்கள், யார் நமக்குக் கடன் கொடுப்பார்கள், கொடுத்த வாக்குக்கு என்ன மரியாதை என்று மலைமேல் உட்கார்ந்து ராத்திரி பத்து மணி வரை நியாயம் பேசிய ஜனங்களை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டுப் போட டெல்லிக்கும் சென்னைக்கும் போன எத்தனை பேர் அவ்வளவு நேரம் யோசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.