கல்லும் ஏடும் - அரியலூர்ப் பாறைகளும் தொழில்நுட்ப நூலகங்களும்

ஒரு நிலத்தின் வரலாறு அதன் கோயிற் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் மட்டும் அடங்கிவிடுவதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தன்னகத்தே கொண்ட அரியலூர் மாவட்டமும், அதனோடு ஒட்டிப் பிறந்த பெரம்பலூர் மாவட்டமும் சோழர் வரலாற்றுக்கு நிறைய ஆவணங்களைத் தந்துள்ளன. ஆயின் இவ்விரு மாவட்டங்களைப் பற்றி உலகோர் எழுதிய நூல்களுள் காலத்தால் நீண்ட ஒரு வரிசை, மன்னரைப் பற்றியதன்று. மண்ணுக்கு அடியில் கிடக்கும் பாறையைப் பற்றியது. அவ்வரிசை எங்கே சேர்த்து வைக்கப்பட்டது, யார் அதனைப் பேணினர், அதனால் விளைந்த பயன் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொழில்நுட்ப நூலகம் என்னும் அமைப்பின் வரலாறும் இதனூடே விளங்கும்.

சிறப்பு நூலகம்

பொது நூலகம் ஊரார் அனைவர்க்கும் உரியது. சிறப்பு நூலகமோ ஒரு தொழிலகம், ஓர் ஆய்வுக்கூடம், ஓர் அரசுத்துறை ஆகியவற்றின் பணிக்கென்றே அமைவது. அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டு ஜான் காட்டன் டானாவின் முயற்சியால் சிறப்பு நூலகர்களுக்கெனத் தனிச் சங்கம் தோன்றியது. இங்கிலாந்தில் 1924இல் அத்தகைய அமைப்பு உருவாயிற்று. இந்தியாவில் 1955இல் சிறப்பு நூலகங்களுக்கான சங்கம் கல்கத்தாவில் நிறுவப்பெற்றது.

இத்துறைக்குக் கோட்பாட்டு அடிப்படை தந்தவர் தமிழர் என்பது பெருமைக்குரியது. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்பவரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. பொது நூலகத்தில் இவ்விதி ஒரு வசதி. தொழிலக நூலகத்தில் அதுவே உயிர்நாடி. சூளை அணைந்து நிற்கும் வேளையில் பொறியாளர் தேடும் ஒரு வரைபடம் ஒரு மணி நேரம் தாமதித்துக் கிடைப்பதற்கும், ஒரு நாள் தாமதித்துக் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆலையின் உற்பத்திக் கணக்கே காட்டிவிடும். அரங்கநாதன் இந்தியத் தர நிறுவனத்தின் ஆவணவாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கியதும், 1962இல் பெங்களூரில் ஆவணவாக்க ஆய்வு மையத்தைத் தோற்றுவித்ததும், தொழில்துறைக்கு நூலகம் எத்துணை இன்றியமையாதது என்பதை அவர் உணர்ந்திருந்தமையைப் புலப்படுத்துகின்றன.

கடல் தந்த கல்

கிரெடேசியக் காலம் எனப்படும் தொல்காலத்தில் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்காலம் இற்றைக்கு ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. கடல் விலகியபின் அதன் சிப்பிகளும் சங்குகளும் சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகளும் பாறையாகி நின்றன. 1840களின் தொடக்கத்தில் கேய், கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்கள் இலண்டனுக்கு அனுப்பப்பெற்றன. அவற்றை ஆராய்ந்து எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் வெளியிட்ட கட்டுரையே இவ்வரிசையின் முதல் ஏடுகளுள் ஒன்று.

1851இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை கல்கத்தாவில் செயற்படத் தொடங்கியது. அத்துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு 1850களின் இறுதியில் இப்பகுதியை அளந்து ஆய்ந்தார். அவருடைய விரிவான அறிக்கை 1862இல் வெளிவந்தது. பாறைத் தொகுதிகளுக்கு அவர் சூட்டிய பெயர்களுள் ஊட்டத்தூர், அரியலூர் என்னும் நம் ஊர்ப்பெயர்கள் இடம்பெற்றன. பின்வந்தோர் காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர் எனப் பகுத்தனர். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் தமிழகம் அறிந்த கல்லங்குறிச்சி, சிப்பி செறிந்த சுண்ணாம்புக்கல் அடுக்கின் பெயராக உலக நிலவியலாரால் அறியப்படுகிறது.

ஏறத்தாழ இதே காலத்தில்தான், 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், சிறுவராக அரியலூரிலும் குன்னத்திலும் தங்கித் தமிழ் கற்றுவந்தார். பின்னாளில் ஊர்தோறும் சென்று சுவடி தேடியவர் அவர். அவர் கற்ற ஊர்களைச் சூழ்ந்த ஓடைகளில் வேறொரு வகைச் சுவடிகளை வேறு சிலர் தேடிக்கொண்டிருந்தனர். இரு திறத்தாரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவர் பணிக்கும் முடிவு ஒன்றே. கிடைத்ததைப் பிறர் ஒப்புநோக்குமாறு அச்சில் ஏற்றுதல்.

கல்கத்தாவில் சேர்ந்த ஏடுகள்

அச்சிடுவதற்கு முன் ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவதற்கு நூல்கள் வேண்டும். அரியலூரில் கிடைத்த ஓர் அம்மோனைட், பிரான்சு நாட்டில் கிடைத்ததை ஒத்ததா, புதிய இனமா என்று துணிவதற்கு, ஆல்சிட் தோர்பிஞி பாரிசில் வெளியிட்ட படத்தொகுதிகள் கல்கத்தா மேசைமீது இருத்தல் வேண்டும். ஆய்வுத்துறை தன் வெளியீடுகளைப் பிறநாட்டுக் கழகங்களுக்கு அனுப்பி, அவர்தம் வெளியீடுகளை மாற்றாகப் பெற்றது. 1868 முதல் வெளிவந்த அதன் காலாண்டிதழில் நூலகத்திற்கு வந்துசேர்ந்த நூல்களின் பட்டியலும் அச்சிடப்பெற்றது. பணம் கொடுத்து வாங்குவதினும் ஏடு கொடுத்து ஏடு பெறும் இம்முறை, சிறப்பு நூலகங்கள் வளர்ந்த வழிகளுள் தலையாயது.

1862இல் பணியில் சேர்ந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா இந்நூலகத்தின் பெரும்பயனை எடுத்தவர். பிளான்ஃபோர்டு தொடங்கிய தென்னிந்தியக் கிரெடேசிய உயிரினங்கள் பற்றிய தொகுதிகளை அவர் 1873 வரை எழுதி நிறைவு செய்தார். தலைக்காலிகள், வயிற்றுக்காலிகள், இரட்டை ஓட்டுச் சிப்பிகள் எனப் பிரிவு பிரிவாக, படங்களுடன் அவை வெளிவந்தன. அடுத்த ஆண்டே, 1874இல், காரகோரப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் அவர் மறைந்தார். அவர் எழுதியவற்றைத் தவிர்த்து அரியலூர்ப் புதைபடிவங்களைப் பற்றி இன்றும் எவரும் ஆராய இயலாது.

தமிழர் பங்கும் இவ்வரிசையில் உண்டு. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தைக் கண்டறிந்தார். இந்தியா, பர்மா ஆகிய நாடுகளின் நிலவியல் பற்றிய அவருடைய பெருநூல் 1943இல் வெளிவந்தது. 1951இல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவரும் அவரே.

ஆலைகளின் வருகை

அறிவுக்குப் பொருளாகிய கல், தொழிலுக்கும் பொருளாயிற்று. கல்லக்குடியில் 1939இல் டால்மியா சிமெண்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் சிமெண்டுக் கழகம் 1976இல் அமைக்கப்பெற்று, அதன் அரியலூர் ஆலை 1979இல் இயங்கத் தொடங்கியது. பின்னர்த் தனியார் ஆலைகள் பல இப்பகுதிக்கு வந்தன. 1995இல் திருச்சிராப்பள்ளியினின்று பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பெற்று, 2007இல் மறுபடியும் தனித்தது.

சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் குறித்த அளவிற் கலந்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசில் சுடப்பெறும்போது கிளிங்கர் உருவாகிறது. ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் தேவை. இத்தொழிலின் ஒவ்வொரு படியிலும் ஏடு குறுக்கிடுகிறது. எனவே ஆலை இருக்குமிடத்தில், பெயர்ப்பலகை இருப்பினும் இல்லாவிடினும், ஒரு நூலகம் உருவாகியே தீர்கிறது.

நூலகரின் பணி

சிமெண்டுத் தொழிலுக்குரிய நூலகத்தில் சேர்வனவற்றை நால்வகையாகப் பகுக்கலாம். முதலாவது, தரநிர்ணய ஏடுகள். இரண்டாவது, பொறிகளின் கையேடுகளும் வரைபடங்களும். மூன்றாவது, சுரங்கத்தில் துளையிட்டு எடுத்த மாதிரிகளின் பதிவேடுகளும் ஆய்வகக் குறிப்புகளும். நான்காவது, ஆய்விதழ்களும் நூல்களும். 1962இல் தோன்றிப் பின்னர்த் தேசியச் சிமெண்டு, கட்டுமானப் பொருள்கள் குழுமம் எனப் பெயர்பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள் இந்நான்காம் வகையுள் அடங்கும்.

இந்நால்வகையும் ஒரே முறையில் மூப்பதில்லை என்பதே தொழிலக நூலகர் முதற்கண் அறிய வேண்டுவது. இந்தியத் தர நிறுவனம் 1947இல் தோன்றியது. சாதாரணப் போர்ட்லண்டு சிமெண்டுக்கான 269ஆம் எண் தரநிர்ணயம் முதன்முதல் 1951இல் வெளிவந்தது. பின்னர் வலிமையின் அடிப்படையில் 33, 43, 53 என்னும் மூன்று தரங்களுக்கும் தனித்தனி ஏடுகள் வழங்கின. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மூன்றும் ஒரே ஏட்டில் இணைக்கப்பட்டன. பழைய ஏட்டை அடுக்கினின்று அகற்றாத நூலகர், ஆய்வகத்தைத் தவறான அளவுகோலுக்கு ஆற்றுப்படுத்திவிடுவார். ஈண்டுப் பழமை பெருமையன்று, இடர்.

இதற்கு மாறாக, 1862ஆம் ஆண்டு அறிக்கை மூப்படைவதே இல்லை. எந்த ஓடையில் எந்த அடுக்கு வெளிப்பட்டிருந்தது என்று அவ்வறிக்கை கூறுமிடம், இன்று ஆழமான சுரங்கமாக மாறியிருக்கலாம். அவ்விடத்தின் பழைய தோற்றத்துக்கு அவ்வேடே சான்று. ஒரே அறையில், ஓரடுக்கிலிருந்து பழையதைக் கழிப்பதும் மற்றோர் அடுக்கில் பழையதைக் காப்பதும் ஆகிய இருவேறு கடமைகளை நூலகர் ஏற்கிறார். எது எவ்வடுக்குக்கு உரியது என்று பகுத்தறிவதற்கு நூற்கல்வியோடு தொழிலறிவும் வேண்டும்.

மூன்றாம் வகையே பெரிதும் புறக்கணிக்கப்படுவது. அச்சு நூல் ஒருகால் அழிந்தாலும் வேறோரிடத்திற் கிடைக்கும். துளைப் பதிவேடோ உலகில் ஒரே படியாக இருப்பது. நூலகம் செலவுக் கணக்கில் மட்டும் தென்படும் பிரிவாதலின், நிருவாகம் சிக்கனம் தேடும்போது முதலில் அதன்மீதே கைவைக்கும். பதிவேடுகள் கட்டாகக் கட்டப்பட்டுக் கிடங்குக்குச் சென்றால், கறையானுக்கும் பழைய காகிதக் கடைக்கும் இடையே அவற்றின் ஊழ் முடிந்துவிடும்.

கல்லமேடு கற்பிப்பது

பதிவின் அருமையைக் கல்லமேட்டு வரலாறு நன்கு விளக்கும். அப்பகுதியின் தொல்விலங்கு எச்சங்களைப் பிளான்ஃபோர்டு குறிப்பிட்டிருந்தார். சார்லஸ் மேட்லி இப்பகுதி டைனோசர்களைப் பற்றி 1929இல் கட்டுரை வெளியிட்டார். 1980களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இந்திய நிலவியலார் இருவர், கல்லமேட்டில் கிடைத்த மிகப்பெரிய எலும்புகளுக்குப் புருஹத்காயோசாரஸ் மேட்லேயி எனப் பெயரிட்டனர். பேருடல் என்னும் பொருள்பட்ட வடசொல்லும், முன்னோராகிய மேட்லியின் பெயரும் அதில் இணைந்துள்ளன. ஒரு தலைமுறை எழுதியதை மறுதலைமுறை படித்ததனால் நிகழ்ந்த பெயரீடு அது.

அவ்வெலும்புகள் இன்று இல்லை. களிமண்ணில் நைந்து கிடந்த அவை எடுத்துப் பாதுகாக்கப்படுமுன் மழைக்காலத்தில் சிதைந்துபோயின. எஞ்சியவை கட்டுரையும் அதிலிருந்த சில கோட்டோவியங்களுமே. அவையும் தெளிவாக அமையாமையால், அது கல்லாகிய மரமோ என்று ஐயுற்றோரும் உண்டு. அகழ்வின்போது எடுக்கப்பட்டு வெளியிடப்படாதிருந்த புகைப்படங்கள் 2022இல் வெளிவந்த பின்னரே, அவை எலும்புகளே என்னும் கருத்து வலுப்பெற்றது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு பேருயிரின் இருப்பு, சில புகைப்படங்கள் எங்கோ பேணப்பட்டதைச் சார்ந்து நின்றது. அப்படங்களும் அழிந்திருப்பின், ஐயத்தை அகற்ற வேறு வழி இராது.

சுரங்கம் நாள்தோறும் கல்லைத் தின்கிறது. வீடும் பாலமும் அணையும் அதனால் எழுகின்றன. ஆதலின் அதனை வெறுத்துப் பயனில்லை. ஆயின் அரைக்கப்படும் கல் ஒவ்வொன்றும் ஒருமுறையே படிக்கத்தக்க ஏடு. அரைக்கப்படுமுன் அதனைப் படித்துப் பதிந்துவைத்தல் தொழிலின் கடன். அப்பதிவைக் காத்தல் நூலகத்தின் கடன்.

செய்யத்தக்கன

இவ்வரிசை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன; சில ஐரோப்பிய மொழிகள் பிறவற்றிலும் உள்ளன. கல்லங்குறிச்சியின் பெயர் தாங்கிய ஏட்டைக் கல்லங்குறிச்சி மாணவர் படிக்க இயலாத நிலை நீடித்தல் முறையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு வெளியீடுகள் பல இன்று எண்மப்படியாகக் கணினியில் கிடைக்கின்றன. ஆகவே குறை நூலில் இல்லை. நூலுக்கு வழிகாட்டும் அடைவிலும் மொழியிலுமே உள்ளது.

மூன்று பணிகள் உடனடியாகக் கருதத்தக்கன. இவ்விரு மாவட்டப் பாறைகளைப் பற்றி 1846 முதல் வெளிவந்த எழுத்துகள் அனைத்திற்கும் ஊர்ப்பெயர் வரிசையில் தமிழில் ஒரு நூலடைவு வேண்டும். சூளையிலும் சுரங்கத்திலும் தொழிலாளர் நாவில் வழங்கும் சொற்களைத் திரட்டிக் கலைச்சொற்களோடு இணைத்தல் வேண்டும். ஆலைகள் தத்தம் வணிக மறைபொருள்களை நீக்கி, பழைய துளைப் பதிவேடுகளின் படிகளை மாவட்டத்தின் பொது இடமொன்றில் வைப்பாக அளித்தல் வேண்டும். முதல் இரு பணிகளையும் செய்தற்குப் பொறியாளர் பட்டம் வேண்டுவதில்லை; சுவடிப்பதிப்பும் சொல்லாய்வும் பயின்ற தமிழாசிரியர்களும் இலக்கிய அமைப்புகளும் போதும். அரியலூர் ஓடைகளில் பொறுக்கிய சிப்பிகளுக்குக் கல்கத்தாவில் பெயரிட்ட காலம் போய்விட்டது. அப்பெயர்களை அரியலூரிலேயே, தமிழிலேயே தேடி எடுக்கும் அடைவொன்று எழுதப்படுதல் இனிச் செய்ய வேண்டிய பணியாகும்.