செஞ்சிக் களஞ்சியமும் ஆயிரம் மாடுகளும்

போன மாசம் செஞ்சிக் கோட்டைக்குப் போயிருந்தேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததுக்கு அப்புறம் நல்ல கூட்டம். எல்லாரும் மூச்சு வாங்க ராஜகிரி ஏறிட்டிருந்தாங்க. நான் அடிவாரத்துல இருக்கிற நெற்களஞ்சியத்துலயே ரொம்ப நேரம் நின்னுட்டேன். வெயில் ஒரு காரணம், ஒத்துக்கறேன். இன்னொன்னு, அங்க நிக்கும்போது ஒரு கேள்வி வந்தது. மதில் கட்டிடலாம், பீரங்கி வாங்கிடலாம். போர் நடக்கும்போது இதுக்குள்ள நெல்லைக் கொண்டு வந்து கொட்டப் போறது யாரு?

1750-ல பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இந்தக் கோட்டையைப் பிடிச்சார். அதே வருஷம் ஜெர்மனியிலிருந்து கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் ஸ்வார்ட்ஸ்னு 23 வயசு பாதிரியார் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். தமிழ் படிச்சார். அப்புறம் திருச்சி, கடைசியில் தஞ்சாவூர். 1798-ல சாகிற வரைக்கும் ஊர் திரும்பவே இல்லை.

1779-ல கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஹைதர் அலிக்கும் முறுக்கிக்கிட்டு நின்னது. கம்பெனி தூதர்கள்மேல ஹைதருக்கு நம்பிக்கை இல்லை, ஸ்வார்ட்ஸை அனுப்பினால் ஏமாத்த மாட்டார்னு சொன்னதாக அவர் வாழ்க்கை வரலாறுகள் எழுதுது. சென்னை கவர்னர் ரம்போல்ட் கேட்டுக்கிட்டதால ஸ்வார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். சமாதானம்தான் பேசினார். ஆனால் ஹைதரின் பாதுகாப்பில் இருந்த மாஹேயைக் கம்பெனி அந்த வருஷம் ஏற்கெனவே பிடிச்சிருந்தது. என்னைக் கேட்டா, ஒரு நேர்மையான மனுஷனோட பேரைக் கம்பெனி கடன் வாங்கிச்சு, திருப்பிக் கட்டலை.

1780-ல போர். செஞ்சி ஹைதர் கைக்குப் போச்சு. ஊர் ஊரா எரிஞ்சது. ஆனால் அந்தப் பாதிரியாரை மட்டும் எங்க வேணும்னாலும் போக விடுங்கன்னு ஹைதர் தன் படைக்கு உத்தரவு போட்டிருந்தார்.

இப்போ களஞ்சியக் கேள்விக்கு வர்றேன். தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ள பஞ்சம், தெருவுல பிணம். வெளியே கிராமங்கள்ல நெல் இருக்கு. கொண்டு வர மாடு இல்லை. மாடு இல்லைங்கிறதைவிட, மாட்டுக்காரங்க வர மாட்டேன்னுட்டாங்க. முன்னாடி வந்தவங்களுக்கு அதிகாரிங்க கூலி கொடுக்காமல் ஏமாத்தியிருந்தாங்க. ராஜா சொல்லியும் நடக்கலை, கம்பெனி சொல்லியும் நடக்கலை. கடைசியில் ஸ்வார்ட்ஸைக் கேட்டாங்க. அவர் ஊர்களுக்கு ஓலை அனுப்பினார்: கூலியை என் கையாலேயே தர்றேன், எதிரி மாட்டைப் பிடிச்சுட்டுப் போனால் அதுக்கும் நான் பொறுப்பு. ஓரிரு நாள்ல ஆயிரம் மாட்டுக்கு மேல வந்தது. 80,000 கலம் நெல் கோட்டைக்குள்ள போச்சு. வந்த ஒவ்வொருத்தருக்கும் அவரே எண்ணிக் கொடுத்தார்.

அந்த மாட்டுக்காரங்கள்ல பெரும்பாலானவங்க அவர் மதத்துக்காரங்க இல்லை. அவரோட பிரசங்கத்தை நம்பி வரலை. முப்பது வருஷமா இந்த ஆள் சொன்ன தேதிக்குச் சொன்ன காசைக் கொடுக்கிறார்ங்கிறதை நம்பி, உயிரைப் பணயம் வெச்சு வந்தாங்க. புதிய ஏற்பாட்டுல யாக்கோபு நிருபம் 3-ஆம் அதிகாரம் இதைத்தான் பிடிச்சு நிறுத்துது: உனக்கு ஞானம் இருக்கா, வாயால சொல்லாதே, நடத்தையில் காட்டு. ஞானம்னா ஆழமான தத்துவம்னு நினைச்சிட்டிருந்த எனக்கு, அது கூலி பாக்கி வைக்காததுன்னு படிச்சப்போ கொஞ்சம் உறைச்சது. ஏன்னா தினமும் காலை மீட்டிங்ல 'கிட்டத்தட்ட முடிஞ்சுது'ன்னு சொல்ற ஆள் நான். முடிஞ்சிருக்காது. டீம்ல இப்போ நான் ரெண்டு நாள்னு சொன்னா நாலு நாள்னு எழுதிக்கிறாங்க. தஞ்சாவூர் அதிகாரிங்களைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும்ல.

விட்டுப்போன ஒரு விஷயம். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கிளம்பும்போது ஹைதர் வழிச்செலவுக்கு ஒரு பை கொடுத்தார், 300 ரூபாய். செலவுக்குக் கம்பெனி கொடுத்திருக்குன்னு ஸ்வார்ட்ஸ் மறுத்தார், ஹைதர் விடலை. சென்னை வந்ததும் பையை அப்படியே கம்பெனி நிர்வாகத்திடம் கொடுத்தார். நீங்களே வெச்சுக்கோங்கன்னாங்க. தஞ்சாவூர்ல ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்க அதை முதல் பணமா போட்டார்.