நிலபர்வதா (பேரினம்)

நிலபர்வதா என்பது அரை இறக்கைப் பூச்சிகள் வரிசையில், டெல்பாசிடே குடும்பத்தைச் சேர்ந்த தத்துப்பூச்சிப் பேரினம் ஆகும். பிரித்தானியப் பூச்சியியலாளர் வில்லியம் லூக்கசு டிஸ்டண்ட் 1906ஆம் ஆண்டில் இப்பேரினத்தை விவரித்தார். நெற்பயிரைத் தாக்கும் புகையான் இதன் நன்கறியப்பட்ட இனமாகும்.

உடலமைப்பு

பின்னங்காலின் கணைக்கால் கண்ட முனையில் அசையக்கூடிய குதிமுள் இருப்பது டெல்பாசிடே குடும்பத்தின் அடையாளம் ஆகும். பின்பாதத்தின் முதல் கணுவில் பக்கமுட்கள் காணப்படுவது இப்பேரினத்தைப் பிரித்தறிய உதவுகிறது. நீண்ட இறக்கை, குட்டை இறக்கை என இருவகை முதிர் பூச்சிகள் உள்ளன. குட்டை இறக்கையுடையவை ஒரே வயலில் தங்கிப் பெருகும். நீண்ட இறக்கையுடையவை காற்றோடு நெடுந்தொலைவு இடம்பெயரும்.

இனங்களும் வாழிடமும்

* புகையான் (நி. லூகென்சு): தெற்கு, தென்கிழக்கு, கிழக்கு ஆசியாவிலும் ஆத்திரேலியாவிலும் காணப்படுகிறது. சப்பானின் குளிரை இது தாங்குவதில்லை. ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் தெற்கிலிருந்து அங்கு வந்து சேர்கிறது.
* நி. பேக்கரி, நி. முயிரி: ஆசியாவில் நெல்லுக்கு நெருங்கிய லீர்சியா புற்களில் வாழ்கின்றன.
* நி. மீயாண்டர்: ஆப்பிரிக்காவில் காணப்படுகிறது.

திருப்பூர் மாவட்டம்

பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில், அமராவதி ஆற்றுப் பாசனத்தில் கல்லாபுரம், குமரலிங்கம், கொழுமம் முதலிய ஊர்களில் நெல் பயிரிடப்படுகிறது. நீர் தேங்கி நிற்பதும், நெருக்கமான நடவும், மிகுதியான தழைச்சத்து உரமும் உள்ள நெல்வயல்களே புகையானுக்கு மிக ஏற்ற வாழிடங்கள் ஆகும்.

பாதிப்பு

இளம்பூச்சிகளும் முதிர் பூச்சிகளும் தூர்களின் அடிப்பகுதியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சுகின்றன. பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்தது போல் காய்ந்து சாய்கிறது. மேலிருந்து பார்ப்பவருக்குப் பூச்சிகள் எளிதில் தென்படாததால் தாக்குதல் பெரும்பாலும் தாமதமாகவே அறியப்படுகிறது. புல்தழைக் குட்டை நோய், கந்தல் குட்டை நோய் ஆகியவற்றின் தீநுண்மங்களையும் இவை பரப்புகின்றன. கேரளத்தின் குட்டநாட்டில் 1973-74இல் பெரும் சேதம் ஏற்பட்டது.

கட்டுப்பாடு

சிலந்திகளும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் புகையானின் இயற்கை எதிரிகள். செயற்கைப் பைரித்திராய்டு போன்ற மருந்துகளைத் தெளித்தால் இவை அழிந்து, புகையான் முன்னினும் மிகுதியாகப் பெருகும். இக்காரணத்தால் இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது. வயல்நீரை இடையிடையே வடித்தல், 2.5 மீட்டருக்கு ஒருமுறை 30 செ.மீ. பட்டம் விட்டு நடுதல், தழைச்சத்தைப் பிரித்து இடுதல், எதிர்ப்புத்திறன் கொண்ட இரகங்களைப் பயிரிடுதல் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன.