மட்டக்களப்புக் கோட்டை

மதில் சூழ்ந்த வழிபாட்டிடங்கள் உலகிற் பலவுள. ருமேனியா நாட்டுத் திரான்சில்வேனியாப் பகுதியிலே, பிரெய்மேர் என்னும் சிற்றூரின் பங்குத் தேவாலயத்தைச் சுற்றி எழுப்பப்பெற்ற பெருமதிலின் உட்புறத்தில் இருநூற்றுக்கு மேற்பட்ட சிற்றறைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. பகைவர் வருங்காலத்தில் ஊரார் குடும்பத்தோடு அவற்றுட் புகுந்து உயிர் காத்தனர். அம்மதில் ஊராருடையது. மட்டக்களப்பு வாவியில், புளியந்தீவின்கண் நிற்கும் மதிலோ ஊராரைக் காக்க எழுந்ததன்று. நாட்டின் வாயிலைப் பூட்ட எழுந்தது.

மேற்குக் கரை போர்த்துக்கேயர் கைப்பட்டபின், கண்டியரசுக்கு வெளியுலகத் தொடர்பைத் தந்தது கீழ்க்கரையே. 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தனாகிய ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கியே விமலதர்மசூரிய மன்னனைக் காணக் கண்டி சென்றான். இவ்வழியை அடைக்கக் கருதிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, முதலில் திருக்கோணமலையிலும், பின்னர் 1628இல் புளியந்தீவிலும் கோட்டை அமைத்தான். திருக்கோணமலையில் இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் கற்களே அங்குள்ள கோட்டைக்குப் பயன்பட்டன என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் தகும்.

புளியந்தீவுக் கோட்டை நாற்கோண வடிவினது. மூலைதோறும் ஒரு கொத்தளம் உண்டு. இரு பக்கங்களை வாவி நீர் காத்தது. ஏனைய இரு பக்கங்களுக்கே அகழி தேவைப்பட்டது. இடத்தைத் தெரிந்தவன் கூரிய கண்ணுடையவன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பத்தாண்டுக்குமேல் அது அவர்கள் கையில் நிலைக்கவில்லை. 1638 மே 18இல், வெஸ்டர்வோல்டின் ஒல்லாந்தப் பீரங்கிகளுக்கும் இரண்டாம் இராசசிங்கனின் படைக்கும் முன் கோட்டை பணிந்தது.

உண்மையான போர் அதன் பின்னரே தொடங்கிற்று எனலாம். மே 23இல் மன்னனும் வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்தனர். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது மன்னன் விரும்பினால் மட்டுமே என்னும் பொருள்படும் சொற்கள் மன்னனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் படியில் இருந்தன. ஒல்லாந்தப் படியில் அவை இல்லை. பூட்டை உடைத்தவனே சாவியை வைத்துக்கொண்ட கதை இது. 1656இல் கொழும்பு வீழ்ந்தபோதும் அது மன்னனுக்குத் தரப்படவில்லை. நட்புப் பகையாக மாறிற்று.

மட்டக்களப்புக் கோட்டை 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. பீரங்கிகள் ஓய்ந்தபின் அதனுள்ளே நெடுங்காலம் கச்சேரி நடைபெற்றது. எவரைத் தடுக்க அவ்வாயில் அமைக்கப்பட்டதோ, அந்நாட்டு மக்களே காணி அலுவலுக்கும் பிறவற்றுக்கும் கையில் மனுவோடு அதனூடு நுழைந்தனர்.