இல்லாத அரசர்களின் சாசனம்

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனை அறியாத இலக்கிய வாசகர் அரியர். புகழ்ந்துரைத்த மூத்த மகளிர் இருவருக்கும் நாட்டைப் பகிர்ந்தளித்து, உண்மை பேசிய இளையவளை விலக்கி, இறுதியில் புயலிடையே பித்தனாய் அலைந்த அந்த முதியவனை நாடகாசிரியரின் கற்பனை என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். ஆனால் அந்நாடகம் எழுதப்படுவதற்கு ஏறத்தாழ 470 ஆண்டுகளுக்கு முன்பே லியர் ஒரு வரலாற்று நூலில் இடம்பெற்றிருந்தான். பிரிட்டனை அறுபது ஆண்டுகள் ஆண்ட அரசன் என்று அந்நூல் அவனைக் குறிக்கிறது. அப்படியோர் அரசன் இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை.

அந்நூலை எழுதியவர் மான்மத் ஊரினரான ஜெஃப்ரி. மான்மத், வேல்ஸ் நாட்டின் எல்லையை ஒட்டிய ஊர். ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்த சமயக் கல்வியாளரான அவர், 1136-ஆம் ஆண்டை ஒட்டி 'பிரிட்டன் அரசர்களின் வரலாறு' என்னும் நூலை இலத்தீனில் இயற்றினார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆர்ச்டீக்கனாகிய வால்டர் தம்மிடம் தந்த மிகப் பழைய பிரித்தானிய மொழி நூலொன்றையே தாம் மொழிபெயர்த்ததாக முன்னுரையில் கூறுகிறார். அந்த மூலநூல் இன்றுவரை கிடைக்கவில்லை.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பிரித்தானியர் வேறு, ஆங்கிலேயர் வேறு. உரோமர் வருவதற்கு முன்பிருந்தே அத்தீவில் வாழ்ந்தவர்கள் பிரித்தானியர். இன்றைய வேல்ஸ் மக்களின் முன்னோர். ஐந்தாம் நூற்றாண்டு முதல் கடல்கடந்து வந்து அவர்களை மேற்கே ஒடுக்கிய சாக்சன் முதலிய இனத்தார் வழிவந்தவர்கள் ஆங்கிலேயர். ஜெஃப்ரி பாடியது தோற்றவர்களின் பெருமையை.

ட்ராய் நகரின் வீழ்ச்சிக்குப்பின் இத்தாலி சென்று குடியேறிய ஈனியாஸின் கொள்ளுப்பேரனான புரூட்டஸ், அரக்கர்கள் வாழ்ந்த தீவொன்றில் வந்திறங்கித் தன் பெயரையே அதற்குச் சூட்டுவதில் நூலின் கதை தொடங்குகிறது. இறகு கட்டிப் பறக்க முயன்று விழுந்து மாண்ட பிளாடூட், அவன் மகன் லியர், உரோமையே எதிர்த்து நின்ற ஆர்தர் என அரசர் வரிசை நீள்கிறது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் காட்வாலடர் நாட்டை இழப்பதோடு நூல் முடிகிறது.

இவ்வரசர்கள் எங்கிருந்து பிறந்தார்கள்? சிலரை ஜெஃப்ரி பழைய ஏடுகளில் கண்டெடுத்தார். கி.பி. 830-ஐ ஒட்டி எழுந்த 'பிரித்தானியரின் வரலாறு' என்னும் நூலிலேயே புரூட்டஸும் ஆர்தரும் உண்டு. ஆயினும் அதில் ஆர்தர் அரசர்களோடு சேர்ந்து பன்னிரு போர்களை நடத்திய படைத்தலைவன் மட்டுமே. அவனுக்குப் பேரரசன் என்னும் முழு வடிவம் தந்தவர் ஜெஃப்ரி. வேறு சிலரை ஊர்ப்பெயர்களிலிருந்து உருவாக்கினார். லெஸ்டர் நகருக்கு லியர், இலண்டனுக்கு லூட் என ஊர்தோறும் ஓர் அரசன் கிடைத்தான். ஜூலியஸ் சீசர் குறிப்பிடும் ட்ரினோவாண்டி என்னும் குலத்தின் பெயர், 'புதிய ட்ராய்' என்பதன் திரிபாக அவர் கையில் மாறிப் புரூட்டஸ் கட்டிய தலைநகராயிற்று. ஊருக்கு ஒரு பெயர்க்காரணம் வேண்டும், பெயர்க்காரணத்துக்கு ஒரு கதை வேண்டும் என்னும் தலபுராண மனம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

எல்லாமே பொய் என்று தள்ளவும் இயலாது. ஷேக்ஸ்பியர் 'சிம்பலின்' என்று பெயரிட்ட மன்னன் குனோபெலினஸ், மெய்யாகவே கி.பி. முதல் நூற்றாண்டில் தென்கிழக்கு பிரிட்டனை ஆண்டவன். தானியக் கதிரும் அவன் பெயரின் முதலெழுத்துகளும் பொறித்த பொற்காசுகள் மண்ணிலிருந்து கிடைத்துள்ளன. உரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் அவனைப் பிரித்தானியரின் அரசன் என்றே குறிக்கிறார். லியருக்கோ ஒரு காசும் இல்லை, அயலார் குறிப்பும் இல்லை. ஒரே நூலில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவரைப் பிரித்தறிய நமக்கு உதவுபவை நூலுக்கு வெளியே உள்ள சான்றுகளே.

ஜெஃப்ரியின் நூலை அக்காலத்தவர் அனைவரும் கண்மூடி ஏற்றனர் என்பதும் தவறு. வேல்ஸின் ஜெரால்டு ஒரு கதை சொல்கிறார். பேய்களால் துன்புற்ற ஒருவன் மடியில் யோவானின் நற்செய்தி நூலை வைத்ததும் பேய்கள் பறந்தோடினவாம்; ஜெஃப்ரியின் நூலை வைத்தபோது முன்னிலும் பெருங்கூட்டமாக வந்து குவிந்தனவாம். 1198-ஐ ஒட்டி எழுதிய நியூபர்க் வில்லியம் நேரடியாகவே தாக்கினார். எட்டாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயரின் சமய வரலாற்றை எழுதிய பீடு, இத்தகைய ஆர்தரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதது ஏன் என்பது அவர் கேள்வி.

கேள்வி சரியானது, ஆனால் கேட்பார் இல்லை. கதைக்குத் தேவை இருந்தது. 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியப் பிரபுக்களுக்கு, தாங்கள் வென்ற ஆங்கிலேயரும் அம்மண்ணில் வந்தேறிகளே என்று காட்டிய நூல் கசக்குமா? இன்றும் இருநூறுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகள் எஞ்சியிருப்பதே அந்நூல் பரவிய வேகத்துக்குச் சான்று.

இதன் உச்சத்தை முதலாம் எட்வர்டின் ஆட்சியில் காண்கிறோம். 1282-83 ஆண்டுகளில் வேல்ஸை வென்றடக்கியவர் அவர். ஜெஃப்ரி யாருடைய பழம்பெருமையைப் பாடினாரோ, அம்மக்களின் தன்னாட்சியை முடித்துவைத்த கை. அடுத்த ஆண்டே வேல்ஸ் மண்ணில், நெவின் என்னும் ஊரில், ஆர்தரின் நினைவாக வட்டமேசை விழா எடுத்தார். பின்னர் ஸ்காட்லாந்து தமக்கே உரியது என்று போப்பாண்டவர் எட்டாம் போனிஃபேஸுக்கு 1301-இல் மடல் எழுதியபோது, அதில் முதல் சான்றாக நின்றவன் புரூட்டஸ். அவன் தன் மூன்று மகன்களுக்கும் தீவைப் பகிர்ந்தளித்தான், மூத்தவன் லோக்ரினஸ் இங்கிலாந்தையும், அல்பனாக்டஸ் ஸ்காட்லாந்தையும், காம்பர் வேல்ஸையும் பெற்றனர், மூத்தவனுக்கே தலைமை, ஆகவே ஸ்காட்லாந்து தமக்குக் கீழ்ப்பட்டது என்பது வாதம். ஸ்காட்லாந்தாரும் சளைக்கவில்லை. எகிப்திய மன்னனின் மகளான ஸ்கோட்டாவின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று பதிலுரைத்தனர். புனைவைப் புனைவால் எதிர்கொண்ட இவ்வழக்கின் பின்னே நடந்த போர்களில் மடிந்தவர்கள் மெய்யான மனிதர்கள்.

கதையின் பயன் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. வேல்ஸ் வழிவந்த ஏழாம் ஹென்றி, 1486-இல் பிறந்த தம் மூத்த மகனுக்கு ஆர்தர் என்று பெயரிட்டார். 1534-இல் அச்சான தம் வரலாற்று நூலில் இத்தாலியரான பாலிடோர் வெர்ஜில் இக்கதைகளை ஐயுற்றபோது அயலான் என்று ஏசப்பட்டார். பழஞ்சுவடிகளைத் தேடித்தேடித் தொகுத்த ஜான் லேலண்டு போன்ற பேரறிஞரே ஆர்தருக்காக வாதாடி நூல் எழுதினார். கல்வி மட்டுமே ஒருவரைக் கதையின் பிடியிலிருந்து விடுவித்துவிடும் என்று நாம் நம்பிவிட வேண்டாம்.

காலப்போக்கில் வரலாறு இவ்வரசர்களைக் கைவிட்டது, இலக்கியம் ஏற்றுக்கொண்டது. ஜெஃப்ரியின் கதையில் கார்டெலியா படையோடு வந்து தந்தைக்கு அரியணையை மீட்டுத் தருகிறாள். லியர் மேலும் மூன்றாண்டுகள் ஆண்டு நிறைவோடு இறக்கிறான். வமிசப் பெருமை பேசும் நூலுக்கு அத்தகைய முடிவே பொருத்தம். ஷேக்ஸ்பியர் அதை உதறினார். அவருடைய லியர், இறந்த மகளைக் கைகளில் ஏந்தியவாறு உயிர்விடுகிறான். அந்த முடிவை வைத்துக்கொண்டு எவரும் எந்த நாட்டுக்கும் உரிமை கோர முடியாது.

பழங்கதையைப் படித்து மகிழ்வதில் பிழையில்லை. அதே கதையை ஒருவர் பட்டயமாக நீட்டும்போது, வில்லியம் கேட்ட எளிய கேள்வியை நாமும் கேட்கலாம்: இதை அறிந்திருக்க வேண்டிய மற்றவர்கள் ஏன் சொல்லவில்லை?